தலை நிற்பதற்குள்

பெயர்த் துறைக்குள் பெயர்களைச் சொல்லக் கூடாது. "ஒப்புதல் பெறாத பெயர்களை வளாகத்துக்குள் வாய்விட்டு உச்சரிப்பது தண்டனைக்குரியது" என்று நுழைவாயிலிலேயே பலகை வைத்திருந்தார்கள். யாரோ எதிர்க்கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், "ஒப்புதல் பெற்ற பெயர்களுக்கும் இது பொருந்தும்" என்று பின்னால் சேர்த்திருந்தார்கள்.

நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பலகையைப் படித்தேன். பக்கத்தில் பால்புட்டியும் துணிப்பையுமாக மச்சான் நின்றார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். டவுன் பஸ் ஓட்டுபவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால் அவர் ரகசியம் சொன்னாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அப்போ இவளை இங்க என்னன்னு சொல்றது மாப்ள?" என்று அவர் ரகசியமாகக் கேட்டார்.

விசாரணை ஜன்னலில் இருந்த பெண், "மேற்படி குழந்தைன்னு சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து மச்சானுக்கு என் மகள் 'மேற்படி' ஆனாள். மேற்படி பால் குடித்தாள், மேற்படி தும்மினாள், மேற்படி என் சட்டையை நனைத்தாள்.

என் மனைவி அவளைப் பெற்ற ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. டாக்டர் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவர் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடியின் இடது லென்ஸில் ஒரு கீறல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்தக் கீறல்தான் நினைவிருக்கிறது.

பெயர் விஷயத்தில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: முதற்பெயர் என்னுடைய பொறுப்பு, நடுப்பெயர் உங்களுடையது, பிறக்கும்வரை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. சாயங்காலம்வரைகூட அவளால் தாங்க முடியவில்லை. தன்னுடையதைச் சொல்லிவிட்டாள். என்னுடையதைக் கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். அதன்பிறகு கேட்டபோதெல்லாம் யோசிக்கிறேன் என்றே சொல்லிவந்தேன். அவள் போன பிறகு யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. முதற்பெயர் அவள் தேர்ந்தது. நடுப்பெயர் அவளுடைய பெயர். மகளிடம் அவளுடைய இரண்டும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இவ்வளவுதான் நான் துறையிடம் கேட்டது.

காலக்கெடு ஒன்று இருந்தது. குழந்தைக்குத் தலை நிற்பதற்குள் பெயர் முடிவாக வேண்டும். நின்றுவிட்டால் கோப்பு காலாவதி. துறை தன்னுடைய இருப்பிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்துவிடும். இதற்கென்றே கழுத்துப் பரிசோதகர் என்று ஒருவர் கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தார். வருகிற குழந்தைகளின் பிடரியில் விரல் வைத்துப் பார்த்து, "இன்னும் ஆடுது" என்பார். அது கேட்டுப் பெற்றோர்கள் பெருமூச்சு விடுவார்கள். வேறெங்கும் பெற்றோர்கள் எந்தச் செய்திக்குச் சந்தோஷப்படுவார்களோ அதற்கு இங்கே அழுவார்கள்.

தேதி வைத்துக் கெடு விதிக்கலாமே என்று கேட்டேன். விசாரணை ஜன்னல் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதிவிடலாம், கழுத்தை மாற்ற முடியுமா என்று கேட்டாள்.

"மேற்படி, தலைய ஆட்டிக்கிட்டே இரு" என்று மச்சான் குழந்தையிடம் சொல்லிவைத்தார்.

முதற்பெயர்ப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்துக் கொடுத்தோம். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டார்கள். குழந்தையின் அம்மாவுக்குப் பிடித்திருந்தது என்றேன். பிடித்தம் என்பது அங்கீகரிக்கப்பட்ட காரணங்களில் இல்லையாம். முன்னோர், மலர், நற்குணம், வானிலை என்று நான்கு காரணங்கள்தான் இருந்தன. மச்சான் எட்டிப் பார்த்து, "வானிலைன்னு போடுங்க. அவ சொன்ன அன்னிக்கு நல்ல மழை" என்றார். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது முதுமைப் பொருத்தம். குழந்தைக்கு இனிமையாக இருக்கிற பெயர் கிழவிக்குப் பொருந்தாமல் போய், பிற்காலத்தில் துறைக்கு அவப்பெயர் வந்துவிடக் கூடாதாம். அதனால் அலுவலகத்தைப் பெருக்குகிற வயதான அம்மாவைக் கூப்பிட்டு, எங்கள் சீட்டை அவருடைய தோளில் சேலைமேல் குண்டூசியால் குத்தி, ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குழுவினர் மூன்று பேர் அவரை முன்னாலிருந்து பார்த்தார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தார்கள். கொஞ்சம் நடக்கச் சொன்னார்கள். ஒருவர், திரும்பும்போது பெயர் லேசாக இடிக்கிறது என்றார். இன்னொருவர் அது பெயரின் குறையல்ல, மூட்டுவலி என்று வாதாடினார். விவாதம் மதியச் சாப்பாடுவரை நீண்டது.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தச் சீட்டு பரவாயில்லை தம்பி, நேற்று ஒன்று குத்தினார்கள், நாளெல்லாம் அரிப்பு என்றார். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றியது. பலகை நினைவுக்கு வந்ததால் கேட்கவில்லை.

மாலையில் முதற்பெயர் தேறிவிட்டது. ஆனால் தற்காலிகமாகத்தான். முதற்பெயர் தனியாகக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நடுப்பெயரும் சேர்ந்த பிறகே இரண்டும் கைகோத்து வெளியேற வேண்டும். நடுப்பெயர்ப் பிரிவு இரண்டாவது மாடி. மூன்றாவது மாடி குடும்பப்பெயர்ப் பிரிவு. அங்கே எங்களைப் போன்றவர்களை விடுவதில்லை.

நடுப்பெயர் அதிகாரி மிக மரியாதையானவர். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார், உட்காரச் சொன்னார், சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு தன் பிரிவைப் பற்றி விளக்கினார்.

"முதற்பெயரை ஊரே கூப்பிடும். குடும்பப்பேரு சொத்துக்கு வேணும். நடுப்பேரை யாருமே கூப்பிடறதில்ல சார். என் நடுப்பேரு என் சம்சாரத்துக்கே தெரியாது. உபயோகமுள்ள பொருளை எவன் வேணா பத்திரமா பாத்துக்குவான். யாருக்குமே உபயோகமில்லாததை இவ்வளவு கண்டிப்பா பாத்துக்கிறோமே, அதுலதான் ஒரு நிர்வாகத்தோட தரம் தெரியும்."

நாங்கள் தலையாட்டினோம். அவருக்குத் திருப்தி. பிறகுதான் சீட்டைப் பற்றிப் பேசினார். இறந்தவர்களின் பெயர் ஓராண்டு ஓய்வில் இருக்க வேண்டுமாம்.

"பேருக்கு எதுக்கு சார் ஓய்வு?" என்றார் மச்சான்.

"கொஞ்சம் யோசிங்க. அந்தம்மா எங்க வேலை பாத்தாங்க?"

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள் என்றேன்.

"பாத்தீங்களா. வலியில இருக்கிறவன்லாம் கூப்பிட்ட பேரு. வீட்டுல நீங்க வேற. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீங்க?"

எண்ணியதில்லை என்றேன்.

"யாரும் எண்றதில்ல" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். "களைச்சுப்போன பேரைத் தூக்கிப் பச்சைக் குழந்தை தலைல வைக்கச் சொல்றீங்க."

ஓராண்டு வரைக்கும் கழுத்து காத்திருக்காது என்றேன். அதற்கும் விதிவிலக்கு இருந்தது. அந்தப் பெயர் இப்போது யாராலும் பயன்படுத்தப்படவில்லை என்று நிரூபித்தால் ஓய்வுக் காலத்தைக் குறைக்கலாம். அதற்குக் கேட்பு ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்பார். அன்று முழுவதும் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லாதிருந்தால் போதும்.

படியிறங்கும்போது மச்சான் சொன்னார்: "அவ பேரு வேணும்னா அவ பேரைச் சொல்லக் கூடாது. நல்லா இருக்கு மாப்ள இவனுங்க நியாயம்."

நாங்கள் பழக ஆரம்பித்தோம். அதுவரை நான் மகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். இது அவளுடைய தலையணை, இது அவள் உடைத்த கைப்பிடி, இது அவள் வைத்த செடி. இப்போது தலையணை, கைப்பிடி, செடி என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரம்மா துக்கம் பேச வந்தால் வாசலிலேயே பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். மனித மனதை எதற்கும் பழக்கிவிடலாம் என்பார்கள். பழகியது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கேட்பு ஆய்வாளர் ஒரு திங்கட்கிழமை வந்தார். ஒல்லியானவர். வேலை நேரத்தில் ஒரு காதைத்தான் பயன்படுத்துவார், மற்றதற்குப் பஞ்சு. சமையலறை முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். டீ வேண்டாம், உறிஞ்சும் சத்தம் இடைஞ்சல் என்றார். இயல்பாக இருங்கள் என்றார். நான் இயல்பாகப் பால் காய்ச்சினேன், இயல்பாகக் குழந்தையின் துணி துவைத்தேன், இயல்பாக வாயைத் திறக்கவே இல்லை. மதியமாகியது. ஆய்வாளர் திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

மச்சானுக்குக் காலை ஷிப்ட். ஆள் வந்திருக்கிற விஷயம் அவருக்குத் தெரியாது. என் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பல வாரங்களாக அதை அடக்கிவைத்திருந்தார். அன்றைக்கு வெயில் அதிகம். வண்டியில் ஏதோ தகராறு வேறு. வாசலிலிருந்து அவள் பெயரைச் சொல்லி, "கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார்.

பஸ்ஸுக்கு வெளியே நிற்பவனுக்கும் கேட்கிற குரல் அது.

வீடு அப்படியே நின்றது. ஆய்வாளர் மறுகாதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "தெளிவா இருந்தது" என்று பாராட்டும் தொனியில் சொன்னார். 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, 'அன்றாடப் பயன்பாடு' என்று சேர்த்துக்கொண்டார்.

மச்சான் ஒரு செருப்போடு நிலைப்படியில் நின்றிருந்தார். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"கெடுத்துட்டேனே மாப்ள."

"விடுங்க மச்சான். நல்லாத்தான் இருந்துச்சு கேக்க" என்றேன். பொய்யில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை. குழந்தையைக் குப்புறப் போட்டுவிட்டு அவளுடைய சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்கிக்கொண்டு, எச்சில் ஒழுக, ஏதோ மலையேறிவிட்டவளைப் போல. அவள் அம்மா இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பாள். நான் ஓடிப்போய் உள்ளங்கையை அந்தத் தலையில் வைத்து மெல்ல மெத்தையில் அழுத்தினேன். அவள் மறுபடியும் தூக்கினாள். நான் மறுபடியும் அழுத்தினேன். சொந்த மகள் வளர்வதைக் கையால் தடுத்த தகப்பன் என்று ஒருவனைத் துறை உருவாக்கியிருந்தது. வேறெதற்காக மன்னித்தாலும் அதற்காக அவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

நடுப்பெயர் அதிகாரி எங்களை மறுபடியும் உட்காரவைத்துத் தைரியம் சொன்னார். பெயர் பயன்பாட்டில் இருப்பது ஒருவகையில் நல்லதுதானாம். பயன்பாட்டில் இருந்தால் பயன்பாட்டாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் விரும்பினால் அதைக் குழந்தைக்கு மாற்றிக் கொடுக்கலாம். மச்சான் கூடத்தின் நடுவில் நின்று, பழைய உரிமையாளரை நோக்கிக் கடைசியாக ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பி முதல்முறையாகக் கூப்பிட வேண்டும். அந்தக் கூடத்தில் மட்டும் உச்சரிக்கச் சிறப்பு அனுமதி உண்டு. அதன்பிறகு தங்கையை நினைத்து அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

மச்சான் தோளிலிருந்த துணிப்பையை இறக்கிவைத்தார். "பண்றேன்" என்றார்.

கூடத்தில் அவரை ஒரு வட்டத்துக்குள் நிற்கவைத்தார்கள். குழந்தை என் தோளில் இருந்தது. அதிகாரி விதியைப் படித்தார்: "பழைய உரிமையாளர் தற்போது இருக்கும் திசை நோக்கி." பிறகு மச்சானிடம், "எந்தத் திசைன்னு சொல்லுங்க" என்றார்.

"அது தெரிஞ்சா நான் எதுக்கு சார் இங்க நிக்கிறேன்?"

அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். ஒருவர் மேல்நோக்கி என்றார். மேலே குடும்பப்பெயர்ப் பிரிவு இருக்கிறது, அவர்களுடைய எல்லைக்குள் நாம் சத்தம் போட முடியாது என்று மறுத்தார்கள். கீழ்நோக்கி என்றால் முதற்பெயர்ப் பிரிவு, அவர்கள் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார்கள். கடைசியில் ஜன்னல் பக்கம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தன.

மச்சான் ஜன்னலைப் பார்த்து நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. செருமிக்கொண்டு மறுபடியும் முயன்றார். வரவில்லை. கூட்ட நெரிசலில் பின்படிவரை கேட்கிற குரல், காற்றாகக்கூட வெளியே வரவில்லை. ஓர் எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் கூப்பிடுகிறேன் என்றேன்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நீங்க பயன்பாட்டாளர் இல்லையே சார்" என்றார். "ஆய்வு நாளன்னிக்கு நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலன்னு குறிப்பு இருக்கு."

கூடம் முழுவதும் அமைதியாக இருந்தது. அந்த அமைதி என்னவென்று பார்ப்பதற்காக என் தோளிலிருந்தவள் தலையைத் தூக்கினாள். தூக்கி, திருப்பி, தாய்மாமனைப் பார்த்தாள். என் கை அவளுடைய தலையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. வைக்க மனம் வரவில்லை.

மூலையிலிருந்த கழுத்துப் பரிசோதகர் எழுந்து வந்து பிடரியில் விரல் வைத்தார். "நின்னுடுச்சு" என்றார்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. துறை வேகமாகவும் வேலை செய்யும் என்பது அன்றுதான் தெரிந்தது. கெடு முடிந்ததால் கோப்பு காலாவதி. என் மனைவி தேர்ந்த முதற்பெயர் துறையின் இருப்புக்குப் போனது. எங்களுக்கு அடுத்து நின்றிருந்த ரொட்டிக் கடைக்காரரின் குழந்தைக்கும் அன்றைக்கே தலை நின்றிருந்ததால், கைக்கு வந்த அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் வேறு ஏதோ கேட்டிருந்தார் போலிருக்கிறது. சீட்டைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். மச்சான் கூப்பிடத் தவறியதால் என் மனைவியின் பெயர் 'கைவிடப்பட்டது' என்று முடிவாகி அதுவும் இருப்புக்குப் போனது. இருப்பில் மேலே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தார்கள். என் மகளுக்குக் கொடுத்தார்கள். முதற்பெயராக. இருப்புப் பெயர்க்காரர்களுக்கு நடுப்பெயர் கிடையாது.

அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க கேட்டது யாரும் கூப்பிடாத இடம். நாங்க ஊரே கூப்பிடற இடத்தைக் கொடுத்திருக்கோம். எங்களைப் பத்தி வெளியில என்னென்னவோ பேசுறாங்க சார். நீங்களாவது நாலு பேருகிட்ட நல்லபடியா சொல்லுங்க."

இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேல்முறையீடு செய்தேன். அவள் தேர்ந்தது முன்னாலும் அவள் பெயர் நடுவிலும் வர வேண்டும், எங்கள் ஒப்பந்தம் அதுதான் என்று எழுதினேன். விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை பழைய உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்றார்கள். ஒருமுறை ரொட்டிக் கடைக்காரரின் மகளுடைய சம்மதம் வேண்டும் என்றார்கள். அவளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் என் மகள் நடந்தாள், ஓடினாள், விழுந்தாள். அவளை அந்தப் பெயர் சொல்லி என்னால் கூப்பிட முடியவில்லை. அதட்டும்போது அந்தப் பெயரை எப்படிச் சொல்வது? கண்ணு என்பேன், குட்டி என்பேன். மச்சானுக்கு அவள் மேற்படியாகவே இருந்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இப்போதெல்லாம் இருமுவார். அவ்வளவுதான். ஊரே கூப்பிடலாம் என்று துறை கொடுத்த பெயரை எங்கள் வீட்டில் யாரும் வருஷக்கணக்கில் சொல்லவில்லை. அது தன் பெயர் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பள்ளியில் சேர்க்கை எழுதியவர்கள்தான்.

அவள் பள்ளிக்கூடம் போன முதல் நாளும் மேல்முறையீட்டின் இறுதி விசாரணையும் ஒரே காலையில் வந்தன. இந்த முறை ஆட்சேபம் ஒன்றும் இல்லை, நீங்கள் வந்து நின்றால் போதும், கேட்டபடி மாற்றிவிடுவார்கள் என்று விசாரணை ஜன்னல் பெண் சொல்லியிருந்தாள். குழந்தையை வகுப்பில் விட்டுவிட்டு நேரே துறைக்குப் போவதாகத் திட்டம். மச்சான் லீவு போட்டிருந்தார்.

வகுப்பில் விட்டோம். அவள் அழவில்லை. நாங்கள் வெளியே வந்து, வகுப்பு ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி ஒரு நிமிஷம் நின்றோம். உள்ளே டீச்சர் வருகை எடுக்க ஆரம்பித்திருந்தார். யார் யாருடைய பெயர்களோ வந்தன. சில குழந்தைகள் பதில் சொன்னார்கள், சிலர் அழுதார்கள். பிறகு டீச்சர் என் மனைவியின் பெயரைக் கூப்பிட்டார். சாதாரணமாக, எந்தத் திசையையும் பார்க்காமல், பட்டியலில் அடுத்தது என்பதுபோல.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

மச்சான் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். பிறகு தன்னால் முடிந்த மெல்லிய குரலில், "மாப்ள, துறைக்கு நேரமாச்சு" என்றார்.

"இருங்க மச்சான்" என்றேன். "இன்னொரு தடவை கூப்பிடுறாங்களான்னு பாப்போம்."